காற்று இல்லாமல் சுற்றிய காற்றாடி

1958 மார்ச் 24, திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணி. கொச்சி மட்டாஞ்சேரியில், படகுத்துறையை ஒட்டிய ஒரு சுக்குக் கிட்டங்கியின் மொட்டைமாடியில் ஆறடி நீள மரக் காற்றாடி ஒன்று மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்துச் சுற்றத் தொடங்கியது. கீழே பஜார் ரோட்டில் நின்ற கூட்டம் கைதட்டியது. மாடியில் நின்ற மாயம்மாள் மட்டும் தட்டவில்லை. அவள் எதிர்க் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். கணவன் சங்கிலிப்பாண்டிக்கு இங்கே அரிசி மூட்டை இறக்கும் வேலை கிடைத்ததும், 1951இல் இருவரும் ரயிலேறி வந்தார்கள். அவன் மூட்டை தூக்கினான். அவள் இதே கிட்டங்கியில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரித்தாள். சுண்ணாம்பில் வெளுத்த சுக்கு. ஒரு கூடை கொட்டினால் அரை மணி நேரம் தும்மல். ஆறு வருஷம் தும்மினாள். "தெருமுனைக்கு வந்தாலே எம் பொண்டாட்டி வேலைக்கு வந்துட்டாளான்னு தெரிஞ்சிரும், உள்ள போய்ப் பாக்கவே வேண்டாம்" என்று சங்கிலிப்பாண்டி சக சுமைக்காரர்களிடம் பெருமையடிப்பான்.

கிட்டங்கிக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பட்டறை ராமபத்ரனுடையது. மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ் பிராமணக் குடும்பம். எரிந்துபோன மோட்டாருக்கும் படுத்துவிட்ட டைனமோவுக்கும் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார்; பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுப்பார். கம்பி சுற்ற ஓர் ஆள் வைத்திருந்தார். அந்த ஆள் உரக்க எண்ணிக்கொண்டே சுற்றுவான். தடுப்புக்கு இந்தப் பக்கம் மாயம்மாளும் வாய்க்குள் கூடவே எண்ணுவாள். தும்மலுக்கு நடுவே வேறு என்ன பொழுதுபோக்கு?

1957 ஏப்ரலில் ஒருநாள் அவன் முப்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்குத் தாவினான்.

"ஏய்யா, முப்பத்தொம்பதை முழுங்கிட்டீரே!" என்று பலகை வழியாகக் குரல் வந்தது.

அவன் சண்டைக்கு வந்தான். ராமபத்ரன் சுற்றைப் பிரிக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

இரண்டு வாரத்தில் அந்த ஆளுக்கு ஆலுவாவில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அவன் போன மறுநாள் காலை மாயம்மாள் பட்டறை வாசலில் நின்றாள்.

"சாமி, அந்தப் பெஞ்சுல நான் உக்காருதேன்."

"நீயா? எழுத்து வாசனை உண்டோ?"

"எண்ணத் தெரியும்."

ராமபத்ரன் சிரித்தார். பிறகு, சிரித்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். மாயம்மாள் உட்கார்ந்தாள். முதல் மாதம் விரலெல்லாம் கம்பி கிழித்தது. மூன்றாம் மாதத்தில் லாரிக்காரர்கள் "அந்தப் பாண்டிக்காரி சுற்றியதா?" என்று கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். தும்மல் நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஒரு வருஷம் 1958 ஏப்ரலில், விஷுவோடு முடிகிறது. பாலக்காட்டில் ராமபத்ரனின் மைத்துனர் மகன் வெங்கிடராமன், கம்பி சுற்றும் பயிற்சி முடித்து, சான்றிதழோடு காத்திருந்தான். மாமாவுக்கு ஏற்கனவே இரண்டு கடிதம். பட்டறையில் பெஞ்சு ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் உப்பங்கழித் தீவு ஒன்றின் வாசகசாலைச் செயலாளர் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், எல்லோருக்கும் மாஷ். வள்ளத்தில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது அவருடைய தீவு. மின்கம்பம் அங்கே போகவில்லை. வாசகசாலையில் ஒரு ரேடியோ இருந்தது. அது கார் பேட்டரியில் பாடியது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பேட்டரியை வள்ளத்தில் ஏற்றி ராமபத்ரனிடம் கொண்டுவருவார். அலையில் அமிலம் தெறித்து இதுவரை நான்கு வேட்டி ஓட்டை.

"காற்றாடி வெச்சு பேட்டரி சார்ஜ் செய்யலாம்னு படிச்சேன். நீங்க செஞ்சு தருமோ?" என்று கேட்டார்.

ராமபத்ரன் ஒப்புக்கொண்டார். பிறகு மாயம்மாளிடம் சொன்னார்: "இது நடந்தா, பெஞ்சு உன்னோடதாக்கும். வெங்கிடராமனை வேற எங்கேயாவது உக்காத்திக்கலாம். நடக்கலைன்னா எனக்கும் ஆத்துல பதில் சொல்ல முடியாது, கேட்டியா?"

கேட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சுக்குக் கூடை கொட்டும் சத்தமும் கேட்டது.

வேலை எளிதாகத்தான் தோன்றியது. பழைய கார் ஒன்றின் டைனமோவை எடுத்துக்கொண்டார்கள். டைனமோவுக்குள் காந்தத்தின் நடுவே கம்பிச் சுற்று சுழலும். சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். காருக்குள் அதைச் சுழற்றுவது எஞ்சின், நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல். அந்த வேகம் இருந்தால்தான் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் வரும். மட்டாஞ்சேரிக் காற்று அவ்வளவு வேகமாக எதையும் சுழற்றாது; முந்நூறு, முந்நூற்றைம்பது சுற்று வந்தால் பெரிது. அதனால் மாயம்மாள் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, குறுக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்கே உள்ள மெல்லிய கம்பியை மூன்று மடங்கு சுற்றினாள். வேகம் மூன்றில் ஒன்றானாலும் அழுத்தம் அதே அளவு வரும். மின்சாரத்தின் அளவு குறையும். ரேடியோ பேட்டரிக்கு அது போதும். ஒன்பது நாள் எடுத்தது. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

இறக்கையை அப்பு ஆசாரி செதுக்கினார். படகுத்துறைக்குப் பின்னால் வள்ளம் கட்டுகிறவர். ஆறடி ஆஞ்சிலி மரப் பலகையில், நடுவில் துளை, பக்கத்துக்கு ஓர் இறக்கை. பளபளவென்று தேய்த்துத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்.

முதல் சோதனைக்கு நாள் குறித்தது ராமபத்ரன். திங்கட்கிழமை, ராகுகாலம் ஒன்பதுக்கு முடிகிறது, ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம். மாஷ் அன்றைக்கு லீவு போட்டு வந்தார். ராமபத்ரன் குளித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் ஆம்ப் மீட்டருக்கும் சந்தனப் பொட்டு இட்டார். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே மூடி திறந்திருந்த கட்-அவுட் என்ற சிறு மின்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே இருந்த பித்தளை நாக்கின்மேல் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு. தேங்காய் உடைந்தது. இணைப்புக் கொடுத்தார்.

காற்றாடி சுற்றியது. கூட்டம் கைதட்டியது.

"நல்லா காத்து வருது, மாயம்மா!" என்றான் காற்றாடிக்குப் பின்னால் சாக்குக் கட்டின்மேல் ஏறி நின்ற சங்கிலிப்பாண்டி. சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். "இங்கன ஒரு கட்டிலப் போட்டா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அதுதான் மாயம்மாளை உறுத்தியது. அவளுடைய முந்தானையும் படபடத்தது. ஆனால் எதிர்க் கூரையில் காயப்போட்டிருந்த சாக்குகளில் ஒரு நூல்கூட அசையவில்லை. துறையில் நின்ற வள்ளத்தின் பாய் கந்தலாகத் தொங்கியது. இரவுக் காற்று அடங்கிவிட்டது, கடற்காற்று இன்னும் எழவில்லை. மட்டாஞ்சேரியில் காலை ஒன்பதேகால் என்பது புழுங்கிச் சாகிற நேரம். ஊர் முழுக்க இல்லாத காற்று இந்த மாடியில் மட்டும் எப்படி அடிக்கிறது?

ஆம்ப் மீட்டரைக் குனிந்து பார்த்தாள். நடுவில் பூஜ்யம். பேட்டரிக்கு மின்சாரம் ஏறினால் முள் வலப்பக்கம் போகவேண்டும். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"சாமி, முள்ளு இடப்பக்கம் நிக்கி."

ராமபத்ரன் குரலைத் தாழ்த்தினார். "மீட்டர்க் கம்பியை மாத்திக் கொடுத்திருப்பேன். சாயங்காலம் சரி பண்ணிக்கலாம். மாஷ் நிக்கறார், மிண்டாதே."

மாஷ் நெருங்கி வந்தார். முகமெல்லாம் பல். "பலே! சனிக்கிழமை நான் வள்ளம் கொண்டுவராம். இனி என் வேட்டிக்கு ஆயுசு கெட்டி!"

வாயைத் திறக்காமல் இருந்தால் பெஞ்சு அவளுடையது. இந்த நிமிஷமே. காற்றாடியை வள்ளத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் இரண்டு நாளைக்குப் பிறகு தீவில் என்ன நடந்தால் என்ன? மாயம்மாள் சாக்கைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். முப்பத்தொன்பதை ஒருவன் விழுங்கியபோதே அவளால் சும்மா இருக்க முடிந்ததில்லை.

"இது காத்துல சுத்தல, சாமி. பேட்டரிதான் காத்தாடியச் சுத்துது."

"எந்தா?" என்றார் மாஷ்.

மாயம்மாள் பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றினாள். காற்றாடி தளர்ந்தது. இன்னும் நான்கு சுற்று, இரண்டு சுற்று. நின்றது. சங்கிலிப்பாண்டியின் சட்டையும் அடங்கியது.

ராமபத்ரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. டைனமோவும் மோட்டாரும் ஒரே சாமான்தான்; நாம் சுழற்றினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்பக்கமாக ஓடிவிடாமல் தடுப்பதற்குத்தான் கட்-அவுட் பெட்டி. டைனமோவின் கை ஓங்கும்போது மட்டும் அதன் பித்தளை நாக்கு டக்கென்று ஒட்டும். காற்று ஓய்ந்தால் விட்டுவிடும். அந்த நாக்கு, சந்தனம் இட்ட கட்டைவிரலின் அழுத்தத்தில் வளைந்து, ஒட்டியபடியே நின்றிருந்தது.

"பிள்ளையாரே, உனக்கு வெச்ச பொட்டு எனக்கே நாமமாயிடுத்தே!" என்றார்.

கீழே கூட்டத்துக்கு விஷயம் போய்ச் சேர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாமீ! தீவுக்கு எதுக்கு, எங்க சாயாக்கடைக்குக் கொடுங்க, நல்ல விசிறி!"

"பேட்டரி வெச்சுக் காத்து உண்டாக்கின முதல் மனுஷன் நம்ம சாமிதான்!"

மாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை நான் பேட்டரியோட வரும். மூணு மணிக்கு எனக்கு வள்ளம். அதுக்குள்ள ஆச்சுன்னா ஆச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மாயம்மாள் நாக்கை நிமிர்த்திப் பெட்டியை மூடினாள். பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று எழுந்தது. எதிர்க் கூரைச் சாக்குகள் படபடத்தன. காற்றாடி வாலைத் திருப்பி மேற்கே முகம் காட்டி, இந்த முறை உண்மையாகவே சுற்றியது. ஆனால் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மாயம்மாள் ஓர் இறக்கை நுனியில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, சங்கிலிப்பாண்டியைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி, நூல் மேலே வரும்போதெல்லாம் எண்ணினாள். நிமிஷத்துக்கு நூற்றுநாற்பது. பாதிகூட இல்லை.

அப்பு ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் இறக்கையைத் தடவிப் பார்த்தார். "ஆசாரிப் பணியில ஒரு குத்தமும் இல்லா. நாப்பது வர்ஷம் துடுப்பு செத்தின கையாணு இது."

"துடுப்பு செதுக்குன கைதான ஆசாரியாரே, துடுப்பாத்தான் செதுக்கியிருக்கீக" என்றாள் மாயம்மாள். "நுனி அகலம், அடி ஒடுக்கம். அகலத்த வச்சுத் தண்ணியத் தள்ளலாம். இது நுனியிலதான் வேகமா ஓடணும். அங்கன போய் அம்புட்டு அகலம் இருந்தா காத்தே அதப் பிடிச்சு நிறுத்துது."

ஆசாரிக்கு முகம் சுருங்கியது. "வள்ளத்தப் பத்தி ஒரு பெண்ணு எனக்குப் படிப்பிக்காண்டா" என்று எழுந்து துறைப்பக்கம் போய் நின்றுகொண்டார். துறையில் மீன்கூடைகளுக்குமேல் செம்பருந்துகள் வட்டமிட்டன. ஒன்று இறக்கையை அடிக்காமலேயே காற்றில் நின்றது. தோளில் அகலம், நுனியில் ஒடுக்கம். முன்விளிம்பு தடிப்பு, பின்விளிம்பு தாள் போல. ஆசாரி ஒரு பீடி முழுவதும் பார்த்தார். திரும்பி வந்தபோது மாயம்மாளைப் பார்க்காமல் ராமபத்ரனிடம் சொன்னார்:

"வேற ஒரு பலகை வேணும். ஞான் ஒரு பருந்து செத்தித் தராம்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவருடைய வள்ளக் கொட்டகையில் உளி ஓயவில்லை. வியாழன் காலை புது இறக்கை வந்தது; பழையதில் பாதி எடைதான். அதை ஸ்பானரும் போல்ட்டுமாக ஏற்றி முடிக்க மணி ஒன்றரை.

இங்கே ஒரு சிக்கல். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். கடற்காற்று நன்றாக வீசுவதும் அதே நேரம். மாஷின் வள்ளம் மூன்றுக்கு.

"மூணு மணி ஒரு நிமிஷத்துக்கு ஆரம்பிக்கலாமே?" என்றார் ராமபத்ரன்.

"மாஷ் போயிருவாரே, சாமி."

"நல்ல நேரம் பார்த்து ஆரம்பிச்சே அந்த லட்சணம். ராகுகாலத்தில் என்ன கதியோ!" சற்று யோசித்தார். "நான் கீழே போறேன். நான் பார்க்கலை. நான் பார்க்காதது நான் ஆரம்பிச்சதாகாது. நீ என்ன பண்ணினாலும் அது உன் ராகு."

பட்டறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மாயம்மாள் காற்றாடியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம். சிரிக்க வந்த கூட்டம். காற்றாடி முதலில் தயங்கியது. பிறகு மேற்கே திரும்பியது. ஒரு வீச்சு காற்று வந்தது. புது இறக்கையின் நுனிக்கு மாற்றிக் கட்டிய சிவப்பு நூல் மேலே போனது, கீழே போனது, மறுபடி மேலே. சங்கிலிப்பாண்டி கடிகாரத்தைப் பிடித்திருந்தான்.

"எண்ணு, புள்ள!"

மாயம்மாள் எண்ணினாள். பதினேழு, பதினெட்டு, இருபத்தொன்று... நூல் சிவப்புக் கோடானது, கோடு வட்டமானது. இறக்கையின் ஓசை விசிலடிப்பதுபோல் ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு எண்ணிக்கை தப்பியது.

"எண்ண முடியல!" என்றாள். "எண்ண முடியலய்யா!"

டக்.

பெட்டிக்குள் நாக்கு ஒட்டிய சத்தம். ஆம்ப் மீட்டரின் முள் வலப்பக்கம் சாய்ந்து, இரண்டைத் தாண்டி, மூன்றில் நடுங்கி, நாலில் நின்றது. காற்று கொஞ்சம் ஓய்ந்தபோது நாக்கு விட்டது. அடுத்த வீச்சில் மறுபடி டக். மாஷ் கொண்டுவந்திருந்த தீர்ந்துபோன பேட்டரி, முதல் முறையாக, பட்டறைக்குள் போகாமலேயே மின்சாரம் குடித்தது.

"எதிர்க் கூரையில சாக்கு அசையுதா?" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"அசையுது! பிச்சிக்கிட்டுப் போவுது!" என்றான் சங்கிலிப்பாண்டி. இந்த முறை காற்றாடிக்குப் பின்னால் நின்று காற்று வாங்க அவனுக்கு நேரமில்லை. தலையில் கட்டியிருந்த துண்டு பறந்துபோய் உப்பங்கழியில் விழுந்தது.

அப்பு ஆசாரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பருந்து" என்றார், தனக்குத்தானே. பிறகு மாயம்மாள் பக்கம் தலையை ஒரு விரல்கடை அசைத்தார். அதற்குமேல் அவர் யாரையும் பாராட்டியதாக வரலாறு இல்லை.

மாஷ் இரண்டே முக்கால் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வள்ளக்காரன் துறையிலிருந்து மூன்று முறை கூவிய பிறகுதான் இறங்கினார். பேட்டரியை எடுத்துப் போகவில்லை. "சனிக்கிழமை காற்றாடி, பேட்டரி ரெண்டையும் சேர்த்து நான் கொண்டுபோகும்" என்றார்.

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்ததும் ராமபத்ரன் மாடிக்கு வந்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே 'டக்' சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டிருந்தார், பதினொன்று. முள்ளைப் பார்த்தார். எதிர்க் கூரைச் சாக்குகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பாலக்காட்டுக்கு லெட்டர் எழுதணும்" என்றார்.

மாயம்மாள் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பையனுக்கு வாசல்ல ஒரு மேஜை போட்டுடலாம். பேட்டரி வாங்கி வைக்கட்டும், சீட்டு எழுதட்டும். படிச்சவனோன்னோ. பெஞ்சு ஒண்ணுதானே இருக்கு? அதுல ஆள் இருக்கா."

"சரி, சாமி" என்றாள் மாயம்மாள். உடனே அவளுக்குத் தும்மல் வந்தது. கீழே கிட்டங்கியில் யாரோ ஒரு கூடை சுக்கைக் கொட்டியிருந்தார்கள். காற்று அதை நேராக மாடிக்குக் கொண்டுவந்தது.

காற்றாடி சனிக்கிழமை தீவுக்குப் போனது. இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் அதைப் பொருத்த மாயம்மாளும் வள்ளத்தில் போனாள். மழை தொடங்குவதற்கு முன் ஜூன் முதல் தேதி இறக்கையைக் கழற்றி வாசகசாலைக்குள் வைக்கவேண்டும் என்று மாஷிடம் மூன்று தரம் சொல்லிவிட்டு வந்தாள். வெங்கிடராமன் விஷு கழிந்து வந்து வாசல் மேஜையில் உட்கார்ந்தான். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ராகுகாலம் முடியுமுன்பே, மாயம்மாளின் பெஞ்சில் எரிந்துபோன அரிசி ஆலை மோட்டார் ஒன்று ஏறியது. கம்பி சுற்ற முப்பத்தாறு பள்ளம், பள்ளத்துக்கு நாற்பத்திரண்டு சுற்று.